பஞ்சத்தின் கேள்வியும் கோடைமலை ஆய்வகமும்

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் காரியாபட்டி வட்டாரத்து மக்களுக்குத் தாது வருடப் பஞ்சத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன கொடுமை அது. அந்த அழிவுக்குப் பிறகு ஆட்சியாளர்கள் பஞ்ச ஆணையம் ஒன்றை அமைத்தனர். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது. விடை காண வேண்டுமானால் சூரியனை நாள் தவறாமல் பார்த்துக் குறித்துவைக்க ஓர் இடம் வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. உலக அறிவியலில் தமிழகத்துக்குப் பெயர் வாங்கித்தந்த அந்த நிறுவனத்தின் வரலாற்றில், நம் வறண்ட சீமையின் துயரமும் ஒரு பங்கு என்பதை இம்மலரில் பதிவுசெய்வது நம் கடமை.

ஆய்வகத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற அதிகாரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் நடத்தினார். 1792-இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிறுவனமாக நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. அங்கிருந்து 1861-இல் ஆய்வகத் தலைவர் நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்று பெயர் சூட்டப்பட்டது. அவருக்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக ஏற்கப்பட்ட முதல் இந்தியர் என்ற பெருமையும் அவருடையதே. 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தைப் போக்சன் மசூலிப்பட்டினம் சென்று ஆராய்ந்தார். சூரிய ஒளியில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு வெளிப்பட்ட ஆண்டு அது.

1891-இல் போக்சன் மறைந்தபின் பொறுப்பேற்றவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஏறி இறங்கி, காற்றின் தெளிவையும் மேகத்தின் போக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். கொடைக்கானல் தேர்வாயிற்று. 1895-இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் ஆய்வகம் இந்திய அரசின் கீழ் வந்தது. சூரியனைப் பதிவுசெய்யும் பணி 1901-இல் தொடங்கியது.

இன்று பேருந்தில் மலையேறும் நமக்கு அந்நாளைய உழைப்பு எளிதில் பிடிபடாது. மோட்டார் சாலை இல்லாத காலம். ரயில் அம்மையநாயக்கனூரோடு நின்றுவிடும். அதன்பின் மலையேறிய எதுவும் ஆள்தோளிலும் பொதிமாட்டிலுமே ஏறியாக வேண்டும். சிறு அதிர்ச்சியும் தாங்காத கண்ணாடிகள், கனத்த இரும்புத் தூண்கள், படம் பதிக்கும் தட்டுகள் என எல்லாம் 2,343 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சுமந்தவர்களின் பெயர்களை எந்த அறிக்கையும் சொல்லவில்லை. அவர்களையும் நிறுவனர்களின் வரிசையிலேயே வைத்து நாம் வணங்க வேண்டும். மிச்சி ஸ்மித் 1911-இல் ஓய்வுபெற்ற பின்னும் ஊர் திரும்பவில்லை. கொடைக்கானலிலேயே வாழ்ந்து 1922-இல் அங்கேயே மறைந்தார்.

1904 முதல் சூரியனின் முகம் கண்ணாடித் தட்டுகளில் அன்றாடம் பதிவாகத் தொடங்கியது. கால்சியத்தின் ஊதா ஒளியில் ஒரு படம், பின்னர் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் இன்னொன்று. இதன் அடிப்படை நம் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. ஸ்ட்ரான்சியம் கலந்தால் சிவப்பு, பேரியம் கலந்தால் பச்சை என்று சிவகாசி மத்தாப்புத் தொழிலாளி அறிவார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளிரும். அவற்றில் ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்தால் சூரியனின் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே காணலாம்.

1907-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் தம் துணைவியார் மேரியுடன் கொடைக்கானலுக்கு வந்தார். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளி ஒன்றின் நிறமாலையை ஆராய்ந்தபோது, கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாயுக்கள் பாய்கின்றன என்பது அதன் பொருள். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகப் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கும் இக்கண்டுபிடிப்பு நம் பழனி மலைத்தொடரில் நிகழ்ந்தது. மேரியும் வானியல் அறிஞர். சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகளைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து விரிவான ஆய்வேடு வெளியிட்டார். 1910-இல் ஹாலி வால்மீன் வந்தபோது அதன் படங்களும் இங்கு எடுக்கப்பட்டன.

இயக்குநராயிருந்த எவர்ஷெட் 1923-இல் ஓய்வுபெற்றார். அடுத்துத் தாமஸ் ராய்ட்ஸ் இயக்குநரானார். 1937-இல் ஏ. எல். நாராயண் பொறுப்பேற்று, அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியரானார். இரண்டு உலகப் போர்களின் தட்டுப்பாட்டிலும் அன்றாடப் பதிவு தொடர்ந்தது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக அந்த மலையில் சூரியனைப் படமெடுத்த குடும்பமும் உண்டு. நிறுவனத்தின் உண்மையான சொத்து அத்தகைய மனிதர்களே.

விடுதலைக்குப் பின் அனில் குமார் தாஸ் காலத்தில் ஆய்வகம் புதுவலிமை பெற்றது. 1957-58 உலகப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, 60 மீட்டர் நீளச் சுரங்கத் தொலைநோக்கி அமைக்கப்பட்டது. கோபுரத்து ஆடிகள் சூரிய ஒளியைப் பிடித்துச் சுரங்கத்துக்குள் அனுப்பும். உள்ளே 34 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியப் படிமம் விழும். புவியின் காந்த மாற்றங்களையும், வளிமண்டல மேலடுக்கான அயனி மண்டலத்தையும் அளக்கும் கருவிகளும் இயங்கின. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், சூரியச் சீற்றம் அயனி மண்டல மின்னோட்டத்தை எப்படி அசைக்கிறது என்பதைக் காணக் கொடைக்கானல் அருமையான இடம்.

1960-இல் மணாலி கல்லாட் வைணு பாப்பு இயக்குநரானார். மாணவப் பருவத்திலேயே வால்மீன் கண்டவர். ‘வில்சன்–பாப்பு விளைவு’ மூலம் உலகப் புகழ் பெற்றவர். இரவு வானத்துக்கு வேறு இடம் தேடி அவர் ஜவ்வாது மலைக் காவலூரைக் கண்டடைந்தார். கொடைக்கானல் பட்டறையில் உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1968-இல் அங்கு பணி தொடங்கியது. 1971-இல் கொடைக்கானல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற பெயரில் தன்னாட்சி பெற்றது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்த நிகழ்வைக் காவலூரும் பதிவுசெய்தது. 1982-இல் பாப்பு மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பஞ்ச ஆணையம் கேட்ட கேள்வி காலப்போக்கில் அகன்று விரிந்திருக்கிறது. 1989 மார்ச்சில் ஒரு காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் பெருந்திரள் ஓரிரு நாளில் பூமியை எட்டும். செயற்கைக்கோள், வானொலி, மின்கட்டமைப்பு எல்லாம் அதற்கு ஆட்பட்டவை. இதைக் கவனிப்பதே விண்வெளி வானிலை. 1904 முதல் சேர்ந்த பதிவுகளிலிருந்து 1.2 லட்சம் படங்கள் எண்ணிம வடிவம் பெற்று, உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் சூரியனை நோக்கிப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் இதே வான் இயற்பியல் நிறுவனமே. கலம் புறப்பட்டபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. 2024 ஏப்ரல் 1-ஆம் நாள் கொடைக்கானல் ஆய்வகம் 125 ஆண்டுகளை நிறைவுசெய்தது. அடுத்த மாதமே, இருபது ஆண்டுகளில் காணாத வலிய காந்தப் புயல் வந்தது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள நிறுவனத்தின் கருவிகள் வானில் படர்ந்த செந்நிற ஒளியைப் படம்பிடித்தன.

நம் ஊருக்கும் இந்த வானில் பங்குண்டு. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று, காரியாபட்டி உள்ளிட்ட தென்மாவட்டங்களின் மேல் சூரியன் ஒளி வளையமாக நின்றது. அதே காட்சி 2031 மே 21-ஆம் நாள் தேனி, மதுரை, இளையான்குடி வழியாகச் செல்லும் கிரகணப் பாதையில் மீண்டும் நம்மை வந்தடையும். அன்று பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவைக்காமல், தரமான சூரியக் கண்ணாடியைக் கையில் கொடுத்து வெளியே அழைத்துவருமாறு பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.