சென்னைத் தோட்டமும் செடி வரைந்த கைகளும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் சில, இன்ன செடிக்குரியன எனத் துணிதற்கு அறிஞர் இன்றும் இடர்ப்படுகின்றனர். அங்குப் பெயர் நின்றது; உரு மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் எழுந்த செடியோவியங்களிலோ இதற்கு மாறான நிலையைக் காண்கின்றோம். செடியின் உரு நின்றது; வரைந்தவர் பெயர் ஒதுங்கியது.

உலர்த்தி வைத்த செடியில் நிறம் மங்கும். பூவின் திரட்சி தட்டையாகும். ஆதலின் நீர்வண்ண ஓவியம் செடிநூலார்க்கு இன்றியமையாததாயிற்று. 1819இல் சென்னைக்கு வந்த மருத்துவர் ராபர்ட் வைட், முதலில் ரங்கையாவையும், 1840களின் இடையிலிருந்து கோவிந்துவையும் ஓவியராகக் கொண்டார். செடியின் முழுத் தோற்றத்தோடு, பூவையும் காயையும் அறுத்துக் காட்டும் நுண்படங்களையும் இவர்கள் ஒரே தாளில் அமைத்தனர். அவ்வோவியங்கள் கல்லச்சில் ஏறி, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் கொண்ட பெருநூலின் அடிப்படையாயின. அந்நூலில் வண்ணம் பெரும்பாலும் இல்லை. மூல ஓவியத்தின் அருமை இதனால் விளங்கும்.

1835இல் சென்னையில் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துச் செடிகளுக்கு, ஹியூ கிளெக்ஹார்ன் 1853இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அவருக்கும் கோவிந்து ஓவியம் தீட்டினார். பட்டியல் தோட்டத்திலிருந்த செடிகளின் பெயரைச் சொல்லும். இலையின் பசுமையையும் இதழின் மடிப்பையும் ஓவியமே சொல்லும். எனவே இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

கோவிந்துவைச் சிறப்பிக்கும் வகையில் வைட், ஆர்க்கிட் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்குக் 'கோவிந்துயா' எனப் பெயரிட்டார். பிற்காலத்தார் அதனை 'டிராபிடியா' என்னும் பேரினத்துள் அடக்கினர். ஓவியர்க்குக் கிட்டிய அப்பெயரும் இவ்வாறு வழக்கிழந்தது. எனினும் 2007இல் எடின்பரோவில் ஹென்றி நோல்ட்டி வெளியிட்ட ஆய்வுநூல், ரங்கையா, கோவிந்து ஆகிய இருவர் பெயரையும் தலைப்பிலேயே தாங்கிற்று.

கல்வெட்டை ஆராய்வோர் அரசன் பெயரோடு நில்லாது, அதனை வெட்டிய கல்தச்சன் பெயரையும் குறித்துக்கொள்கின்றனர். அம்முறையே ஈண்டும் வேண்டற்பாலது. செடியோவியங்களை அயலார் நூலுக்கு அணியாக மட்டும் கருதாது, நம் நாட்டு ஓவியர் கண்டு பதித்த சான்றுகளாகவும் கொள்ளல் வேண்டும். அவ்வாறு கொள்ளின், இலக்கியச் செடிகளை ஆராய்வார்க்கும் அவை துணைபுரியும் என்பது எம் துணிபு.