கோவையின் உணவு விடுதிகள்: பந்தி பிரிந்ததும் மேசை சேர்ந்ததும்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது நம் வழக்கம். அவ்வூர் மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்து யாருடன் அமர்ந்து உண்டார்கள் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். வீட்டில் உண்பது உறவைச் சார்ந்தது. வெளியில் உண்பதோ அறிமுகமற்ற அயலானை அருகில் ஏற்றுக்கொள்வது. எனவே உணவு விடுதியின் வரலாறு, ஒரு சமூகம் பிறரைச் சகமனிதராக ஏற்கப் பழகிய வரலாறும் ஆகும். கொங்கு நாட்டின் தலைநகர் எனத் தக்க கோயம்புத்தூரை முன்வைத்து இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

பெருங்கடை வீதி, ஒப்பணக்கார வீதி, டவுன்ஹால் ஆகியவற்றைச் சுற்றி நடப்பவர் கோனியம்மன் கோயிலையும், புனித மிக்கேல் பேராலயத்தையும், அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலையும் சில நிமிட இடைவெளியில் கண்டுவிடலாம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் உருதுவும் குஜராத்தியும் மார்வாடியும் இவ்வீதிகளில் ஒலிக்கின்றன. இத்தனை மக்களும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் உண்டார்களா என்பது வேறு வினா.

வழியும் சாவடியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்துவைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். சேரநாட்டுத் துறைமுகங்களையும் சோழநாட்டுச் சமவெளியையும் இணைத்த பெருவழி அதனூடே கொங்கு நாட்டைக் கடந்து சென்றது. கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் அவ்வழியின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. வழி இருந்தால் வழிப்போக்கர் உண்டு, வழிப்போக்கர் இருந்தால் அவர்க்குத் தண்ணீரும் சோறும் வேண்டும். பாலக்காட்டுச் சாலையில் உள்ள க.க. சாவடியும், பீளமேட்டை அடுத்த தண்ணீர்ப்பந்தலும் அப்பழைய ஏற்பாடுகளைத் தம் பெயர்களிலேயே தாங்கி நிற்கின்றன.

சாவடியும் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் அறச்செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வறம் எல்லோரையும் ஒரே வரிசையில் அமர்த்தியதில்லை. கணவாய்க்கு அப்பாலுள்ள மலபாரில் 1340களில் பயணம் செய்த இப்னு பதூதா கண்டெழுதிய செய்தி இங்கு கருதத்தக்கது. அவ்வழி நெடுகிலும் சிறு சிறு தொலைவில் பயணியர் தங்குமிடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கிணறும், தண்ணீர் வழங்க ஒருவரும் இருந்தனர். தம் சமயத்தார்க்குப் பாத்திரத்தில் நீர் தந்த அவர், முஸ்லிம் பயணிக்கு அதைக் கையில் ஊற்றினார். முஸ்லிம்கள் வசிக்காத ஊர்களில் அவர்களுக்கும் உணவு சமைத்துத் தரப்பட்டது, ஆனால் அது வாழையிலையில் பரிமாறப்பட்டது. தீண்டியதாகக் கருதப்பட்ட பாத்திரத்தை உடைக்க வேண்டியிருந்தது போல இலையை உடைக்க வேண்டியதில்லை, வீசிவிட்டால் போதும்.

இப்னு பதூதா இதைக் குறையாகப் பாடவில்லை. பாதுகாப்பான சாலைகளையும் நேர்மையான மக்களையும் அவர் வியந்தே எழுதினார். விருந்தோம்பலும் விலக்கும் ஒரே கையிலிருந்து ஒரே நேரத்தில் வர இயலும் என்பதே இக்குறிப்பு நமக்குத் தரும் பாடம். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் ஒரு சாராருக்குத் தனிக்குவளை வைக்கும் வழக்கம் நீடித்ததை எண்ணும்போது, கையில் ஊற்றப்பட்ட அந்தத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை என்றே தோன்றுகிறது.

கடைத்தெருவின் அடுப்பு

இதே இடைக்காலத்தில் இஸ்லாமிய உலகின் பெருநகரங்களில் வேறொரு முறை வளர்ந்திருந்தது. பக்தாதிலும் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் சமைத்த உணவு கடைத்தெருவில் காசுக்குக் கிடைத்தது. கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்த ஹரீஸா, சுட்ட இறைச்சி, இனிப்புகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழிலாளர் இருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரீ எழுதியது போன்ற ஹிஸ்பா நூல்கள், சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிப் இத்தொழில்களை எவ்வாறு மேற்பார்வையிட வேண்டும் என விரிவாக வகுத்துரைத்தன. கலப்படம் உண்டா, பாத்திரம் தூய்மையானதா, எடை சரியா என்பனவே அவற்றின் முதன்மையான கவலைகள்.

அந்நகரங்களில் எவ்வித வேறுபாடும் இல்லை என்று நாம் வாதிடவில்லை. செல்வரும் வறியரும் அங்கும் இருந்தனர். அடிமை முறையும் இருந்தது. ஆயினும் விற்கப்படும் உணவின் தூய்மையைப் பற்றிய விதி வேறு, உண்பவரின் பிறப்பைப் பற்றிய விதி வேறு என்னும் பாகுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும்.

அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் சேர்ந்து உண்பதையும் தனித்தனியே உண்பதையும் குற்றமற்றவை என அனுமதிக்கிறது. பார்வையற்றோர், முடமானோர், நோயுற்றோர் ஆகியோருடன் ஒரு தட்டில் உண்ண மதீனா மக்களிடையே இருந்த தயக்கத்தை நீக்கவே இவ்வசனம் அருளப்பட்டது என்பது விரிவுரையாளர் தரும் விளக்கங்களுள் ஒன்று. காயல்பட்டினம் போன்ற ஊர்களின் விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் முறையில் அதன் சாயலைக் காண்கிறோம்.

காப்பி வந்த வழி

நவீன உணவு விடுதியின் கதையைக் காப்பியிலிருந்து தொடங்குவது பொருத்தம். யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கங்களில் விழித்திருக்கப் பருகிய இப்பானம் 1511இல் மக்காவில் தடை செய்யப்பட்டது. தடை நிலைக்கவில்லை. 1550களில் இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. வெவ்வேறு தரத்தினர் ஓரிடத்தில் அமர்ந்து பேசியதே ஆட்சியாளர்களை அஞ்சவைத்தது. பாபா புதன் என்னும் சூஃபி பதினேழாம் நூற்றாண்டில் காப்பி விதைகளைச் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டு வந்தார் என்பது கன்னட நாட்டு மரபு.

ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியிலும் ஆனைமலையிலும் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1861இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் தொழில் தொடங்கினார். காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தும் ஊராகக் கோவை வளர்ந்தது. 1866இல் நகராட்சி அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

விந்தை என்னவெனில், இஸ்தான்புல்லில் பலரை ஒன்றுசேர்த்த காப்பி தமிழகத்தில் பலரைப் பிரித்து வைத்தது. ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் தம் நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி, காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின் அடையாளமாகவும், தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் உருப்பெற்றதை விளக்கியுள்ளார். காப்பி கிளப்புகளில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே இடமே இல்லை.

ரயிலும் ஆலையும்

1862இல் போத்தனூருக்கு ரயில் வந்தது. 1873இல் அது மேட்டுப்பாளையம் வரை நீண்டது. ரயில் பெட்டி சாதி பார்க்காமல் மக்களை ஏற்றிச் சென்றது. நிலைய உணவகம் அவர்களை மீண்டும் பிரித்தது. ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்னும் பலகைகள் அங்கே தொங்கின.

1888இல் முதல் நூற்பாலைக்கு அடித்தளமிட்ட கோவை, 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகளின் நகரமாயிற்று. சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து பல சாதியினரும் வேலைக்கு வந்தனர். சங்கு ஊதியதும் வெளியே வரும் தொழிலாளிக்கு வீடு சென்று உண்ண நேரமில்லை. அவர்களுக்காகவே டீக்கடைகளும் இட்டிலிக்கடைகளும் மெஸ்களும் மிலிட்டரி ஓட்டல்களும் பெருகின. 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்க ஆணையிடும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அரசுக்கு வழங்கியது. ஒரே எந்திரத்தில் பக்கத்தில் நின்று நூல் நூற்றவர்கள் ஒரே விசுப்பலகையில் அமரப் பழகினார்கள்.

பழக்கம் மட்டும் போதவில்லை, போராட்டமும் தேவைப்பட்டது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து 1924–25இல் எழுந்த கிளர்ச்சி, ஈரோட்டுப் பெரியாரின் அரசியல் வாழ்வைத் திசை திருப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து ‘குடிஅரசு’ வெளிவரத் தொடங்கியது. சமபந்தி சுயமரியாதை இயக்கத்தின் நடைமுறையாயிற்று. தொடர்ந்த கிளர்ச்சியின் பயனாக 1941இல் ரயில் நிலைய உணவகங்களின் தனியிட முறை ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி நெடிய மறியல் நடந்தது.

இதற்கிடையே 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சமயம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என விதித்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனையின் வலிமையைச் சேர்த்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட நேர்ந்தது என்றால், அங்கு எத்தகைய அவமானம் நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

உணவின் விதியும் உண்பவரின் விதியும்

விடுதலைக்குப் பிந்திய கோவை பல சுவைகளின் நகரமாயிற்று. 1948இல் மகாதேவ ஐயர் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் மைசூர்பாவைப் புகழ்பெறச் செய்தது. 1968இல் தாமோதரசாமி நாயுடு தொடங்கிய அன்னபூர்ணா நகரின் சைவ உணவகங்களுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. காய்ந்த மிளகாயும் தேங்காயும் மணக்கும் பள்ளிபாளையம் கோழி, அரைவேக்காட்டில் இறக்கும் கலக்கி, மாலை நேரத் தள்ளுவண்டிக் காளான் எனக் கொங்கு நாட்டுக்கே உரிய பண்டங்கள் தெருவுக்கு வந்தன. உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் பிரியாணியும் புரோட்டாவும் ஆட்டுக்கால் சூப்பும் இரவு நெடுநேரம் வரை கிடைத்தன. பிரியாணி என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ராவுத்தர் வீடுகளின் அண்டாவில் அது சீரகச் சம்பாவோடு சேர்ந்து தமிழ்ப் பண்டமாயிற்று.

முஸ்லிம் உணவுக்கடைக்கும் ஒரு விதி உண்டு. அங்கே இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும். இதுவும் ஒருவகை விலக்குத்தானே என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானது, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். ஹலால் என்பது பண்டம் எது, அது எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதைப் பற்றிய விதி. அடுத்த நாற்காலியில் அமர்பவர் யார் என்பதைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. அவ்வாறே புலால் உண்ணாதவர் தம் அடுப்பில் புலாலை அனுமதிக்காததும் உணவின் விதியே. ஒவ்வொரு சமூகமும் தன் தட்டில் எது இருக்க வேண்டும் எனத் தீர்மானிக்கலாம். தன் பந்தியில் பிறப்பால் யார் அமரக் கூடாது எனத் தீர்மானிக்கும்போதுதான் அது அநீதியாகிறது.

இந்த அளவுகோலால் நம்மையும் அளந்து கொள்ள வேண்டும். நம் விருந்துகளில் சில தொழில்களைச் செய்தோரைத் தள்ளி வைத்த காலம் இருந்ததில்லையா? நம் கடைகளில் பெண்கள் தயக்கமின்றி அமர்ந்து உண்ண இடம் இருந்ததா? பல கடைகளில் ‘குடும்ப அறை’ என்னும் திரைச்சீலை வந்ததே மிகப் பிற்காலத்தில்தான். சஹனின் பெருமையைப் பேசுவோர் இக்குறைகளையும் பேசக் கடமைப்பட்டுள்ளனர்.

காலியான நாற்காலிகள்

மேசையைச் சேர்ப்பதற்கு நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதைக் கவிழ்க்கச் சில நாட்களே போதும் என்பதையும் கோவை கண்டது. 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொலையுண்டதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பெப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். இறந்தோர் அனைவரும் இந்நகரின் மக்களே. எக்கொலைக்கும் எந்நியாயமும் கற்பிக்க நாம் முயலலாகாது.

உயிரிழப்புக்குப் பின் வந்த இழப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. அச்சத்தால் மக்கள் தம்மவர் பகுதியையும் தம்மவர் கடையையும் நாடினர். யார் கடையில் உண்பது என்னும் கேள்வி மீண்டும் எழுந்தது. பலகை இல்லாமலே பந்தி பிரிந்தது. இதை எந்தச் சட்டப்பிரிவும் தடுக்க இயலாது. கதவை மூடும் கடைக்காரரைச் சட்டம் தண்டிக்கலாம். திறந்த கதவைக் கடக்காமல் திரும்பிச் செல்பவரை எதனால் அழைத்து வருவது?

காலம் மெல்ல அழைத்து வந்தது. பசிக்கும் சுவைக்கும் அதில் பங்குண்டு. பிரியாணிக்காக உக்கடம் வரும் கல்லூரி மாணவர், காப்பிக்காகச் சைவ உணவகம் செல்லும் கோட்டைமேட்டு வணிகர், ரமலானில் நோன்புக் கஞ்சிக்காகத் தூக்குப் பாத்திரத்துடன் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் அண்டைவீட்டுப் பிள்ளைகள் ஆகியோர் எவ்வித அறிக்கையும் வெளியிடாமல் நகரை மீண்டும் தைத்தனர். தையல் முழுமையானது என்று கூற நாம் துணியவில்லை. கிழிசல் இருந்த இடம் இன்றும் தெரிகிறது.

மலபார்ச் சாலையில் இப்னு பதூதாவின் கையில் ஊற்றப்பட்ட நீரிலிருந்து, எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பருகும் மேசை மேலுள்ள நீர்க்குவளை வரை நாம் வந்த தொலைவு பெரிது. அது தானாக நிகழ்ந்ததன்று. மறியல் செய்தோர், சட்டம் இயற்றியோர், ஆலைத் தொழிலாளர், பெயர் தெரியாத கடைக்காரர் எனப் பலரின் உழைப்பு அதில் அடங்கியுள்ளது. அக்குவளையை அடுத்திருப்பவர் பக்கம் நகர்த்தி வைக்கும் சிறு செயலில் அவ்வுழைப்பைக் காக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.