அத்தையின் கட்டைவிரல்

அருப்புக்கோட்டையில் நான் பிறந்த தெருவில் விடிந்ததும் காதில் விழுவது தறிச் சத்தம்தான். மழை பொய்த்துக் கரிசல் வெடித்துக் கிடந்தாலும் அந்தச் சத்தம் நிற்காது. எங்கள் வீட்டுக் குழித்தறியில் என் சின்ன அத்தை நெய்துகொண்டிருந்தாள். 1950களின் கடைசி வருஷங்கள். அவளுக்குப் பதினெட்டுப் பிராயம் இருக்கும்.

சில நாட்களில் அவள் தறி மட்டும் சட்டென்று ஓய்ந்துவிடும். வீடே பதறி ஓடும். அத்தை நாடாவைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பாள். முதலில் கட்டைவிரல் துடிக்கும். பிறகு கை முழுவதும். அப்புறம் வாய் வலப்பக்கம் கோணும். பிறகு நினைவு தப்பிச் சரிந்துவிடுவாள். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

பாட்டி சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பாள். இரண்டு நிமிஷத்தில் துடிப்பு அடங்கும். பெருமை இரும்புக்குப் போகும். இரும்பு இல்லாவிட்டாலும் பெரும்பாலான வலிப்புகள் அந்த நேரத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

திருச்சுழிக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். குண்டாற்றங்கரையில் ஒருவர் வேப்பிலை அடித்தார். விஷயம் வெளியே கசிந்தது. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. தறிக்குழியில் விழுந்துவிடுவாள் என்று நெசவையும் நிறுத்தினார்கள். அதன்பின் அத்தைக்குத் தார் சுற்றுவது ஒன்றே வேலை.

“கட்டைவிரல்தாண்டா முதல்லே கூப்பிடும்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். ஏதோ வேடிக்கை என்று சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

பல வருஷங்கள் கழித்து இந்த நோயின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் என்றொரு வைத்தியர் இருந்தார். 1860களில் அவர் வலிப்பு நோயாளிகளின் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து, எந்த உறுப்பு முதலில் துடிக்கிறது, அடுத்தது எது என்று கவனித்தார். கட்டைவிரல், கை, முகம் என்று பலரிடமும் ஒழுங்காக நகர்ந்தது துடிப்பு. பேய்க்கு இத்தனை ஒழுங்கு ஏது? மூளையில் இந்த உறுப்புகளுக்கென்று அடுத்தடுத்து இடங்கள் இருக்க வேண்டும், அந்த வழியே ஏதோ ஒன்று தீப்போலப் பரவ வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1870ல் பெர்லினில் பிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளைமேல் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார்கள். எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. ஊகத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

அந்த இடங்கள் இருப்பது மூளைப் புறணியில். பெருமூளையின்மேல் மரப்பட்டை போல் படர்ந்த சாம்பல் நிறப் படலம் அது. கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர். விரித்துப் போட்டால் சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர், ஒரு சிறு கைத்துண்டு அளவு. மண்டைக்குள் அடங்குவதற்காக மடிந்து மடிந்து கிடக்கிறது. அதற்குள் சுமார் 1,600 கோடி நரம்புச் செல்கள், பெரும்பகுதியில் ஆறு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன.

அதற்கு முறையாகப் படம் வரைந்தவர்களில் முதன்மையானவர் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து வைல்டர் பென்பீல்டு. மூளைக்கு வலி தெரியாது. ஆகவே மேல்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறப்பார். மின்முனையால் புறணியைத் தொடுவார். விரல் அசைந்தால் அந்த இடத்தில் எண் எழுதிய காகிதத் துணுக்கு ஒன்றை வைப்பார். நோயாளி சொல்லச் சொல்ல வளர்ந்த படம் அது. அதில் கட்டைவிரலுக்குப் பக்கத்து வீடு முகம்! அத்தையின் வாய் ஏன் கோணியது என்று எனக்கு விளங்கிவிட்டது. வலது விரல் துடித்ததால் பழுது இடப்பக்க மூளையில்.

அந்தப் பென்பீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் பகுதியைத் தொடங்கினார். இந்தியாவுக்கே அது முதல். மறு வருஷம், சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தில் பயின்று வந்த பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். இவர்களும் எஸ். டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும் சேர்ந்து 1951ல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். பீனோபார்பிட்டோன் மாத்திரையோ 1912 முதலே வலிப்புக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. விருதுநகரில் ரயிலேறினால் மறுநாள் போய்ச் சேரக்கூடிய ஊர்களில் இத்தனையும் இருந்தன. நாங்கள் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நம் நாட்டு வலிப்புக்கு நம் நாட்டுக் காரணமும் உண்டு. ஸ்கேன் வந்த பிறகு, பல நோயாளிகளின் மூளையில் சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. க்ஷயரோகக் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்குரிய மருந்தைக் கொடுத்து வந்தார்கள். வேலூர் வைத்தியர்கள் அந்தத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்தார்கள். அது நாடாப்புழுவின் இளம் பருவம் என்று 1989ல் உலகுக்கு அறிவித்தார்கள். அசுத்தமான தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் வந்து சேரும் முட்டைதான் மூலம். பன்றி மாமிசத்தைத் தொடாதவர்களுக்கும் அது வரலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2022ல் பிறந்தது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைப் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024ல் உலகத்தாருக்கு இலவசமாக வழங்கியது. உள்ளே பிறக்கும் செல்கள் வெளியே நகர்ந்து புறணியின் அடுக்குகளாக அமைகிற மாதங்களின் படம் அது. பாவு ஓட்டும் வேலை கருவிலேயே நடக்கிறது என்று நெசவாளி வீட்டுப் பிள்ளை நான் சொல்லிக்கொள்கிறேன். அதைப் பார்க்கும்போது, உலகத்தைக் காணாமலே போன அந்தச் சிசுக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. திரும்பத் திரும்ப வலிப்பு வருவது கல்யாணத்துக்குத் தடை என்று இந்து திருமணச் சட்டத்தில் 1976ல் ஒரு வார்த்தை நுழைந்தது. அது நீங்கியது 1999ல். அத்தை 1987லேயே கண்ணை மூடிவிட்டாள்.

லண்டன் வைத்தியர் கண்ட அதே வரிசையை எங்கள் தறிக்குழியில் உட்கார்ந்த ஒரு பெண்ணும் கண்டாள். கண்டதை வாய்விட்டும் சொன்னாள். அவர் பக்கத்தில் காகிதமும் பேனாவும் இருந்தன. அவள் பக்கத்தில் நான் இருந்தேன்.