பூங்காவுக்குப் பணம் யார் கொடுப்பது? - நியூ ஜெர்சியின் 'கிரீன் ஏக்கர்ஸ்' கதை

இந்த முறை கொஞ்சம் வரலாறு, நிறைய கணக்கு.

ஒரு நகராட்சியின் கணக்குப் புத்தகத்தில் பூங்கா ஒரு விசித்திரமான சொத்து. வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. புல் வெட்ட, விளக்கு போட, காவலுக்கு ஆள் வைக்க என்று செலவுதான். அதே இடத்தை மனை போட்டு விற்றால் கை நிறையப் பணம், அப்புறம் வருஷா வருஷம் சொத்து வரி. காமர்ஸ் படிக்கிற நம்மிடம் கேட்டால் "வித்துடலாம் சார்" என்றுதான் சொல்வோம்!

இந்தக் கணக்கை எதிர்த்து அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1961-லிருந்து ஒரு திட்டம் நடத்தி வருகிறது. பெயர் 'கிரீன் ஏக்கர்ஸ்'.

எப்படி ஆரம்பித்தது?

நியூ ஜெர்சி சின்ன மாநிலம். ஒரு பக்கம் நியூயார்க், இன்னொரு பக்கம் பிலடெல்பியா. மக்கள் நெருக்கத்தில் அமெரிக்க மாநிலங்களில் முதலிடம். ஆனால் செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'தோட்ட மாநிலம்'!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தோட்டமெல்லாம் வேகமாக வீடுகளாக மாறின. 1950-ல் 48 லட்சமாக இருந்த மக்கள் தொகை 1960-ல் 60 லட்சத்தைத் தாண்டியது. புதிய நெடுஞ்சாலைகள் வந்தன, அவற்றை ஒட்டிப் புறநகர்கள் வளர்ந்தன. காலி நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. இப்போது வாங்காவிட்டால் பிறகு வாங்கவே முடியாது என்ற நிலை.

பக்கத்து மாநிலமான நியூயார்க் 1960-ல் பூங்கா நிலம் வாங்க 7.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்களிடம் அனுமதி வாங்கியது. அடுத்த வருஷமே நியூ ஜெர்சியும் மக்களிடம் போனது. 6 கோடி டாலருக்குக் கடன் பத்திரம், அந்தப் பணத்தில் நிலம். மக்கள் 'சரி' என்றார்கள். 1961 முதல் 1995 வரை ஒன்பது முறை இப்படிக் கேட்டார்கள். ஒன்பது முறையும் பதில் 'சரி'தான். கடனையும் வட்டியையும் தங்கள் வரியிலிருந்துதான் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தே போட்ட ஓட்டு இது.

பணத்தோடு வரும் பூட்டு

மாநிலம் தானே நிலம் வாங்குவதோடு நிற்கவில்லை. நகராட்சிகளுக்கும் கவுண்டிகளுக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) மானியமும் குறைந்த வட்டிக் கடனும் கொடுத்தது. இங்கேதான் சுவாரசியமான விஷயம் இருக்கிறது.

ஒரு நகராட்சி கிரீன் ஏக்கர்ஸ் பணம் வாங்கினால், அந்தப் பணத்தில் வாங்கிய நிலம் மட்டும் கட்டுப்படுவதில்லை. அன்றைய தேதியில் அதன் கையில் இருக்கும் மற்ற பூங்காக்களும் பட்டியலில் ஏறி, அதே கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும்! பிறகு அதில் ஒரு துண்டை வேறு காரியத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையும், 'ஸ்டேட் ஹவுஸ் கமிஷன்' என்ற குழுவும் சம்மதிக்க வேண்டும். பதிலுக்கு ஈடும் கொடுத்தாக வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன? பட்ஜெட்டில் துண்டு விழும் வருஷத்தில் "அந்தப் பார்க்கை வித்து சமாளிப்போம்" என்ற வழி கிட்டத்தட்ட அடைபட்டுப் போகிறது. இன்றைய கவுன்சில் நாளைய கவுன்சிலின் கையைக் கட்டிவிட்டுப் போகிறது. என்னைப் பொறுத்தவரை, இந்தத் திட்டத்தில் கொடுத்த டாலரை விடப் போட்ட பூட்டுதான் பெரிது.

கடனில் ஓடிய பத்து வருஷம்

1998-ல் கவர்னர் கிறிஸ்டின் டாட் விட்மன் காலத்தில் பெரிய பாய்ச்சல். பத்து வருஷத்தில் இன்னும் 10 லட்சம் ஏக்கரைக் காப்பது என்று இலக்கு. விற்பனை வரியிலிருந்து வருஷத்துக்கு 9.8 கோடி டாலர் ஒதுக்க அரசியலமைப்பையே திருத்தினார்கள். அதை நம்பி 100 கோடி டாலர் வரை கடன் வாங்கவும் வழி செய்தார்கள்.

பணம் முன்கூட்டியே வந்தது, நிலமும் வாங்கினார்கள். ஆனால் பத்து வருஷம் கழிந்ததும் அந்த 9.8 கோடி பழைய கடனை அடைக்கத்தான் போனது. புதிதாக வாங்கக் காசு இல்லை. 2007-ல் 20 கோடி, 2009-ல் 40 கோடி என்று மறுபடியும் கடன் பத்திரம். கடைசியில் 2014-ல், கம்பெனிகள் கட்டும் வரியில் ஒரு பங்கை நிரந்தரமாக ஒதுக்க மக்கள் ஓட்டுப் போட்டார்கள். கடனிலிருந்து வருமானத்துக்கு மாற 53 வருஷம் ஆகியிருக்கிறது! அப்போதும் ஒரு சண்டை. அந்த வரிப் பங்கு ஏற்கெனவே வேறு சுற்றுச்சூழல் வேலைகளுக்கும், இருக்கிற பூங்காக்களைப் பழுது பார்க்கவும் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிடுங்கி இங்கே நடுவதா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

யாருக்குப் போனது?

இன்னொரு உறுத்தலும் உண்டு. சொந்தமாகப் பசுமை வரி போடும் ஊருக்கு மாநிலம் பாதிப் பணம் தரும் என்று ஒரு முறை இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வசதியான புறநகரால் வரி போட முடியும், நுவார்க் போன்ற ஏழை நகரம் என்ன செய்யும்? இத்தனைக்கும் அமெரிக்காவின் முதல் கவுண்டிப் பூங்கா என்று சொல்லப்படும் பிராஞ்ச் புரூக் பார்க் இருப்பதே நுவார்க்கில்தான். இதற்காகத்தான் ஏழை நகரங்களுக்கு 75 சதவீதம் வரை மானியம் என்று தனி விதி வைத்தார்கள். பல்லாண்டுகளாகக் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் நுவார்க்கில் 2009-ல் நாட் டர்னர் பார்க் திறந்தது. சுமார் 9 ஏக்கர். புறநகர்க் கணக்கில் இது ஒரு மூலை. ஆனால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம்.

மொத்தத்தில் இந்தத் திட்டத்தால் 5 லட்சம் ஏக்கருக்கும் மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. கடன், வட்டி, சண்டை எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. லாப நஷ்டக் கணக்கில் பூங்கா எப்போதும் நஷ்டம்தான் காட்டும். அதனால்தான் அந்தக் கணக்கைப் பார்த்து யாரும் விற்றுவிடாதபடி, நல்ல வருஷத்திலேயே பூட்டைப் போட்டுவைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?