புத்தக எண்ணின் கடைசி இலக்கம்

இருப்புக் கணக்கும் ஆர்டரும் பார்க்கும் மென்பொருளில் ‘குறியீடு தவறு’ என்று வந்ததும் பழி மென்பொருள்மேல் விழுகிறது. புத்தக வணிகத்தைப் பொறுத்தவரை இந்தப் பழி பல சமயம் பொருந்தாது. ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் பிறந்து வளர்ந்த கதையைப் பார்த்தால், இன்று கடைக்காரரையும் பதிப்பாளரையும் அலைக்கழிக்கும் பிழைகள் பல, அந்த எண்ணை வடிவமைத்தபோதும் மாற்றியபோதும் தெரிந்தே எடுத்த முடிவுகளிலிருந்து வந்தவை என்பது விளங்கும். அந்த முடிவுகள் தெரியாமல் பிழையைத் திருத்தப் போகிறவர், சரியான எண்ணையும் கெடுத்துவிடுவார்.

1965இல் பிரிட்டனின் டபிள்யூ.எச். ஸ்மித் புத்தக விற்பனை நிறுவனம் கணினியில் இயங்கும் கிடங்கு ஒன்றுக்கு மாறத் திட்டமிட்டது. அதுவரை ஆர்டர் சீட்டில் ஆசிரியர் பெயரும் தலைப்பும் இருந்தால் போதும். எழுத்து ஒன்றிரண்டு பிசகினாலும் கிடங்கில் இருப்பவர் இன்ன புத்தகம் என்று புரிந்து எடுத்துக் கொடுப்பார். கணினிக்கு அந்த அனுமானம் கிடையாது. எனவே புள்ளியியல் அறிஞர் கார்டன் ஃபாஸ்டர் உள்ளிட்டோர் வகுத்த ஒன்பது இலக்க எண் 1967இல் நடைமுறைக்கு வந்தது. மனிதக் கை தவறும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட எண் அது. முதல் எட்டு இலக்கங்களையும் இறங்குவரிசை எண்களால் பெருக்கிக் கூட்டி, கடைசி இலக்கத்தையும் சேர்த்த மொத்தம் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி கடைசி இலக்கத்தை வைத்தார்கள். அந்த இலக்கம் 10 ஆக வேண்டிய இடத்தில் ரோமானியப் பத்தான ‘எக்ஸ்’ வந்தது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

1970இல் இது பத்து இலக்க சர்வதேசத் தரமானபோது, பழைய பிரிட்டிஷ் எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் போதும் என்றார்கள். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே என்பதால் கடைசி இலக்கம் மாறவில்லை. அழகான ஏற்பாடுதான். ஆனால் இன்று எக்செல்லில் அந்தப் பூஜ்யம் தானாக விழுந்துவிடுகிறது. எக்ஸில் முடியும் எண்ணை எக்செல் எழுத்தாகக் கருதுவதால் அதற்கு மட்டும் பூஜ்யம் தப்பிக்கிறது. ஒரே பத்தியில் ஒன்பது இலக்கமும் பத்து இலக்கமும் கலந்து கிடக்கும். விழுந்த பூஜ்யத்தால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே எண்ணின் நீளத்தைப் பார்க்காமல் கணக்கை மட்டும் போடும் மென்பொருள் இதைப் பிழை என்றே சொல்லாது.

2007 ஜனவரியில் எண் 13 இலக்கமானது. எண்கள் தீர்ந்துகொண்டிருந்தன, சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள பார்கோடு முறையோடு புத்தகமும் முழுமையாக இணைய வேண்டியிருந்தது. முன்னால் 978 சேர்ந்தது, கடைசி இலக்கத்தைக் கணக்கிடும் முறையும் மாறியது. 0-306-40615-2 என்ற பழைய எண் 978-0-306-40615-7 ஆகும். வெறுமனே 978ஐ ஒட்டிவிட்டுக் கடைசியில் 2 என்றே விட்டால் அது செல்லாத எண். இதில் ஓர் இழப்பும் உண்டு. புதிய கணக்கு இலக்கங்களை 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி 10ஆல் வகுக்கிறது. 5 வித்தியாசமுள்ள அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. மேலுள்ள எண்ணில் 61ஐ 16 என்று அடித்துப் பாருங்கள்: 18ம் 1ம் சேர்ந்து 19 இருந்த இடத்தில் 3ம் 6ம் சேர்ந்து 9 வரும். குறைந்தது சரியாக 10. கடைசி இலக்கம் அதே 7. பழைய பத்து இலக்கக் கணக்கு இந்தத் தவறைப் பிடித்திருக்கும்.

பார்கோடு படிக்கும் கருவி இலக்கங்களை இடம் மாற்றாதே, பிறகென்ன இழப்பு என்று கேட்கலாம். விற்பனை மேசைக்கு அது சரி. ஆர்டர் பட்டியலும் விலைப்பட்டியலும் நூலக விண்ணப்பமும் இன்றும் கையால் தட்டப்படுகின்றன, அல்லது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வெட்டி ஒட்டப்படுகின்றன. 2007இன் மாற்றம் தேவையானதே என்றாலும், அதன் விலையைக் கொடுப்பவர் இந்தப் பட்டியல்களை உட்கார்ந்து தட்டுகிறவர்தான்.

எந்தக் கணக்காலும் பிடிக்க முடியாத பிழையும் இருக்கிறது: சரியான எண், தவறான புத்தகம். கெட்டி அட்டைப் பதிப்பின் எண்ணையே சாதா அட்டைக்கும் போடுவது, தீர்ந்துபோன நூலின் எண்ணைப் புதிய நூலுக்குத் தருவது ஆகியவை அந்த வகை. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை இந்த எண்களை இலவசமாகவே வழங்குகிறது. மிச்சம் பிடிக்கக் காரணமே இல்லை. பதிப்பாளர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண் வாங்குங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்த எண்ணை எழுத்தாகச் சேமியுங்கள், கடைசி இலக்கத்தோடு நீளத்தையும் சரிபாருங்கள்.