திறந்த மூலப் பணிசெயல் முறைமைகள்: கணினிப் பாதுகாப்பும் வன்பொருட் பழுதறிதலும் (அம்பாறைக் கரையோரம்)

திறந்த மூலப் பணிசெயல் முறைமை என்பது, கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்களுள், தன் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிக்கும் வகையாகும். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவின் மீது கட்டப்பட்ட டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், பெடோரா முதலிய வழங்கல்கள் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. தரவின் இரகசியம், அது பிறரால் மாற்றப்படாதிருக்கும் முழுமை, வேண்டிய வேளையில் அது கிடைக்கும் தன்மை ஆகிய மூன்றையும் காப்பது கணினிப் பாதுகாப்பு எனப்படும். இயங்காத கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிப் பழுதின் இடத்தைக் காண்பது வன்பொருட் பழுதறிதல் எனப்படும். இவை வெவ்வேறு பாடங்களாகக் கற்பிக்கப்பட்டாலும், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலை ஒட்டியே நீளும் இலங்கையின் அம்பாறை மாவட்ட ஊர்களில், உப்புக்காற்றும் மாரி வெள்ளமும் மின்தடையும் பாதுகாப்பின் மூன்றாம் கூறாகிய கிடைக்கும் தன்மையை நேரடியாகத் தாக்குவதால், ஒன்றை விட்டு மற்றொன்றை விளக்க இயலாது.

பின்னணி

2004 டிசம்பர் 26 ஆம் திகதிய சுனாமியில் இலங்கையில் அதிக உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறையாகும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு இறந்தனர். அப்பேரிடரை அடுத்து, காணாமற்போனோர், முகாம்கள், உதவி வழங்கும் அமைப்புகள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்வதற்காக லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அமைப்பைச் சார்ந்த தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சஹானா’ என்னும் திறந்த மூல மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டதுடன், சமூகப் பயன்மிக்க திட்டத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டு விருதையும் பெற்றது. இக்கரையின் அழிவு திறந்த மூல மென்பொருள் வரலாற்றில் இவ்வாறு ஓர் இடத்தைப் பெற்றது. 1990களின் நடுவில் தொடங்கிய, ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கணினிக் கல்வியை இப்பகுதிக்கே கொணர்ந்தது.

பழைய கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோரை அண்மைக் காலத்தில் லினக்ஸின் பக்கம் திருப்பிய நிகழ்வு, மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியதாகும். ஆதரவு நின்ற முறைமை தொடர்ந்து இயங்கினாலும், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளுக்குப் பொதுவாகத் திருத்தம் வராது. அத்தகைய கணினியில் லினக்ஸை நிறுவும்போது மென்பொருள் புதுமை பெறுகிறது. வன்தட்டும் மின்கலமும் மின்விசிறியும் பழையனவாகவே இருக்கின்றன.

பாதுகாப்பின் அடிப்படைகள்

லினக்ஸில் அன்றாடப் பயனருக்கும், ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரம் கொண்ட நிருவாகிக்கும் இடையே தெளிவான பிரிவு உண்டு. மென்பொருள் நிறுவுதல், முறைமைக் கோப்புகளை மாற்றுதல் போன்றவற்றுக்கு மட்டும் ‘சூடோ’ என்னும் கட்டளை வழியாக அவ்வதிகாரம் தற்காலிகமாகக் கடனாகப் பெறப்படுகிறது. ஆகவே பொருள் விளங்காத கட்டளையை எங்கிருந்தோ படியெடுத்து, கடவுச்சொல்லையும் கொடுத்து இயக்குவது, தீநிரலைத் தானே அழைத்து உள்ளே விடுவதற்கு ஒப்பாகும்.

மென்பொருள்களை வழங்கலின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே பெறுவது இரண்டாம் காப்பு. அங்குள்ள பொதிகளின் பட்டியல் மின்னெண் கையொப்பம் இடப்பட்டு வருவதால், வழியில் எவரேனும் மாற்றியிருந்தால் கணினி அதை ஏற்க மறுக்கும். நிறுவல் கோப்பு இவ்வாறு தானாகச் சோதிக்கப்படுவதில்லை; அதைப் பயனரே சரிபார்க்க வேண்டும். 2016 பெப்ரவரி 20 ஆம் திகதி லினக்ஸ் மின்டின் இணையத்தளத்தில் ஊடுருவியவர்கள், 17.3 பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைக்கப்பட்ட கோப்புக்குத் திருப்பிவிட்டனர். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்துப் பெறப்படும் சரிபார்ப்புத் தொகையை உருவாக்குநர் வெளியிட்ட தொகையுடன் ஒப்பிட்டால் இத்தகைய மாற்றம் வெளிப்படும். அத்தொகையும் அதே தளத்தில் மாற்றப்படக்கூடும் என்பதால், தொகைப் பட்டியலின் கையொப்பத்தையும் சோதிப்பதே முழுமையான முறை.

மூல நிரல் திறந்திருப்பதாலேயே மென்பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. ‘எக்ஸ் இசட்’ என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் கணக்கின் வழியாகப் பின்கதவு நுழைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’ சேவை வழக்கத்தைவிட அரை வினாடியளவு தாமதிப்பதைக் கவனித்த பொறியியலாளர் அன்ட்ரெஸ் பிரொயண்ட், காரணத்தைத் துருவிச் சென்று 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளுக்குள்ளேயே அது சென்றிருந்ததால், டெபியனின் நிலையான பதிப்பைப் பயன்படுத்தியோர் தப்பினர். வீட்டிலும் அலுவலகத்திலும் நிலையான அல்லது நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவி, அதன் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்பது இதனாலேயே பரிந்துரைக்கப்படுகிறது.

பென் டிரைவில் கோப்பை எடுத்துச் சென்று போட்டோக்கொப்பிக் கடையில் அச்சிடும் வழக்கம் இப்பகுதியில் பரவலானது. அக்கடைக் கணினிகளிலிருந்து தொற்றும் விண்டோஸ் தீநிரல், அதாவது கோப்புறைகளை மறைத்துக் குறுக்குவழிகளை மட்டும் காட்டும் வகை, லினக்ஸில் பொதுவாக இயங்காது. மறைக்கப்பட்ட கோப்புகளை அங்கே திறந்து மீட்கவும் முடியும். ஆயினும் அது டிரைவில் தங்கி அடுத்த கணினிக்குப் பரவும் என்பதால், அச்சுக்கெனத் தனி டிரைவைப் பயன்படுத்துவதும், ‘கிளாம் ஏவி’ போன்ற திறந்த மூலக் கருவியால் இடையிடையே சோதிப்பதும் நல்லது. வங்கி அல்லது தபால் நிலையத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தியும் போலி இணைப்பும் முறைமையைத் தாக்காமல் மனிதரையே ஏமாற்றுவதால், அவற்றுக்கு எதிராக லினக்ஸ் எந்தத் தனிக் காப்பையும் தருவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறான நீண்ட கடவுச்சொல்லும், இரண்டாம் படிச் சரிபார்ப்புமே இங்குப் பயன்படுவன.

மாற்றுப் பிரதி

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. மின்னஞ்சல் மென்பொருள் காலாவதியான பதிப்பாக இருந்ததும், அக்காலப்பகுதிக்கு இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட பிரதி இல்லாததும் இழப்பை நிரந்தரமாக்கின. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் பொதுவிதி இத்தகைய தாக்குதலுக்கும் வெள்ளத்துக்கும் ஒருங்கே பொருந்தும். கடலோர வீட்டில் கணினியும் வெளி வன்தட்டும் ஒரே மேசையில் இருந்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே ஒரு பிரதி உள்நாட்டு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ முகில் சேமிப்பிலோ இருப்பது முறை.

மின்னும் உப்பும் ஈரமும்

இலங்கையின் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் கொண்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஏற்பட்ட மின்தடையும் இவ்வழங்கல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் காட்டின. மின் திடீரென நிற்பதைவிட, அது திரும்பும் கணத்தில் எழும் மின்னழுத்த ஏற்றம் வலு வழங்கியை அதிகம் கெடுக்கக்கூடியது. லினக்ஸின் வழமையான கோப்பு முறைமையாகிய ‘எக்ஸ்ட் 4’, செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறிப்பேட்டில் பதிவதால், மின் நின்ற பின்னும் தன் கட்டமைப்பைச் சீர்செய்துகொள்ளும். சேமிக்கப்படாத ஆவணத்தை அது மீட்டுத் தராது. யூபிஎஸ் கருவியின் முதன்மைப் பயன் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிடங்களைத் தருவதே. இடிமின்னலின்போது மின்செருகியுடன் ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும், ஏனெனில் மின்னல் அவ்வழியாகவும் நுழையும்.

கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்துடன் சேர்ந்து செப்புத் தொடுகைகளை அரிக்கும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் புழுதி மின்விசிறிகளை அடைக்க, வாடைக்காற்றுடன் வரும் மாரியில் அப்புழுதியே ஈரத்தை உறிஞ்சி மின்சுற்றில் கசிவுக்கு வழி செய்கிறது. ஆகவே மாரிக்கு முன்னர் ஒருமுறை கணினிப் பெட்டியைத் திறந்து தூசு அகற்றி, நினைவகத் துண்டுகளின் தொடுகைகளை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைப்பது பயனுடையது. 2024 நவம்பர் இறுதியில் நேர்ந்ததைப் போன்ற வெள்ளத்தில் நனைந்த கணினியை, காய்ந்ததுபோல் தோன்றினாலும், உடனே இயக்கக்கூடாது. மின்கலத்தை அகற்றி, முழுமையாக உலரவிட்டுச் சோதித்த பின்னரே மின் கொடுக்க வேண்டும்.

பழுதறியும் ஒழுங்கு

பழுது வன்பொருளிலா மென்பொருளிலா என்பதைப் பிரித்தறிவதற்கு எளிய வழி, நிறுவாமலேயே இயங்கும் லினக்ஸை யூஎஸ்பி டிரைவிலிருந்து தொடக்கிப் பார்ப்பதாகும். அவ்வாறு தொடக்கியபோது குறை மறைந்தால் அது பெரும்பாலும் நிறுவப்பட்ட மென்பொருளிலோ வன்தட்டிலோ இருக்கும். அப்போதும் தொடர்ந்தால் நினைவகம், வலு வழங்கி, தாய்ப்பலகை ஆகியவற்றை நாட வேண்டும். கரு தன் தொடக்கம் முதல் கண்ட ஒவ்வொரு சாதனத்தையும் பிழையையும் பதிவேட்டில் எழுதிவைப்பதும், அப்பதிவேட்டைப் பயனர் படிக்க முடிவதும் இம்முறைமைகளின் சிறப்பாகும்.

மின் கொடுத்தும் திரை எழாமல் ஒலிக்குறிகள் மட்டும் கேட்டால், அவற்றின் எண்ணிக்கையும் நீளமும் பழுதான உறுப்பைச் சுட்டும். நினைவகத் துண்டைக் கழற்றி, துடைத்து, மீளப் பொருத்துவதே முதலில் செய்யத்தக்கது. காரணமின்றி அடிக்கடி உறையும் கணினியில் ‘மெம்டெஸ்ட் 86+’ என்னும் திறந்த மூலச் சோதனையைப் பல மணித்தியாலம் ஓடவிட வேண்டும். ஒரு பிழை தோன்றினாலும் நினைவகமோ அதன் பொருத்துமிடமோ சந்தேகத்துக்குரியது. வேலைப்பளு ஏறும்போது மட்டும் கணினி அணைந்தால், வெப்பமோ வலு வழங்கியின் தளர்ச்சியோ காரணமாகலாம்.

வன்தட்டு தன் நிலையைத் தானே அளந்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவில், மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகளும் நிலுவையிலுள்ள பிரிவுகளும் நாளுக்கு நாள் கூடினால் தட்டு அழியத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். பரிமாற்றப் பிழை மட்டும் கூடினால் தட்டைவிடக் கேபிளையே முதலில் மாற்ற வேண்டும். கோப்புகளைச் சேமிக்க முடியாமல் முறைமை ‘படிக்க மட்டும்’ என்னும் நிலைக்குத் தானே மாறுவதைப் பலர் வைரஸ் எனக் கருதுகின்றனர். அது பெரும்பாலும், தட்டுப் பிழையைக் கண்ட கரு மேலும் சேதம் நேராதபடி எடுக்கும் தற்காப்பு நடவடிக்கையாகும். அந்நிலையில் முதலில் தரவைப் படியெடுத்து, அதன் பின்னரே, பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பகுதியின் மீது கோப்பு முறைமைத் திருத்தக் கருவியை இயக்க வேண்டும்.

பாதுகாப்புக் குறைபோல் தோன்றும் வன்பொருட் பழுதுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு, தாய்ப்பலகையில் நாணயம்போல் அமைந்த 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துபோவதாகும். கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல, உலாவி எல்லா இணையத்தளங்களின் சான்றிதழ்களையும் செல்லாதவை என எச்சரிக்கும். களஞ்சியத்திலிருந்து வரும் இற்றைப்படுத்தலையும் கணினி மறுக்கும். சான்றிதழ் எச்சரிக்கையைப் புறக்கணித்து உள்ளே செல்லப் பழகுவது பின்னொரு நாள் உண்மையான ஆபத்தின்போதும் அவ்வாறே செய்யத் தூண்டும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து மின்கலத்தை மாற்றுவதே சரியான தீர்வு. இதுபோன்றே, ரெங்கநாதன் விசைப்பலகையையோ தமிழ் 99 ஐயோ இயல்பாக அமைத்துள்ள கணினியில், நுழைவுத் திரை தமிழ் விசைமுறைக்கு மாறியிருந்தால் சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படாது. கணக்கு களவாடப்பட்டதாக முடிவுசெய்யும் முன் விசைமுறையைப் பார்ப்பது போதும்.

வயர்லெஸ் இணைப்பு அறவே தெரியாதபோது, சாதனம் பழுதடைந்திராமல், அச்சாதனத்தை இயக்கும் மூடிய மூல நிலைபொருள் இல்லாதிருக்கலாம். டெபியன் 2022 இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பு முதல் அத்தகைய நிலைபொருள்களை நிறுவல் கோப்பிலேயே சேர்த்தபின் இச்சிக்கல் குறைந்தது.

திருத்துநரும் சட்டமும்

கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது அதிலுள்ள குடும்பப் படங்களும் அடையாள ஆவணங்களும் பிறர் கைக்குச் செல்கின்றன. பழுது வன்தட்டில் இல்லையெனில் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுப்பது எளிய காப்பு. நிறுவும்போதே வட்டு முழுவதையும் ‘லக்ஸ்’ முறையால் குறியாக்கம் செய்வது உறுதியான காப்பு. அதன் கடவுத்தொடரை மறந்தால் தரவை மீட்க வழியில்லை. திண்மநிலை வட்டுகளில் பழைய தரவின் மேல் எழுதி அழிப்பது முழுமையாகப் பலிக்காது என்பதால், விற்கும் நோக்கமுள்ளோருக்கும் தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் செய்வதே ஏற்றது.

இலங்கையில் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் குற்றமாகும். தனிநபர் தரவைக் கையாள்வோரின் கடமைகளை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை 2006 இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணிக்கு அறிவிக்கலாம்.

அம்பாறைக் கரையோரப் பயனரைப் பொறுத்தவரை, கையொப்பமிட்ட களஞ்சியமும் வலுவான கடவுச்சொல்லும் ஊடுருவுவோரைத் தடுக்கும். உப்பையும் வெள்ளத்தையும் மின்னலையும் அவை தடுக்கா. எப்பழுதிலும் முதலில் தரவைப் படியெடுத்து, அடுத்துப் பதிவேட்டைப் படித்து, அதன் பின்னரே கருவியில் கைவைப்பது என்னும் ஒழுங்கே இவ்விரு வகை இழப்புக்கும் பொதுவான காப்பாகும்.