ஆய்விலிருந்து சட்டம் வரை: பிரித்தானியாவிற் புகைத்தல்

உண்மை கண்டறியப்படுதல் ஒன்று. அது மக்கள் வாழ்வில் நடைமுறையாதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைப் பிரித்தானியாவின் புகையிலை வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

இலண்டன் வைத்தியசாலைகளிற் சுவாசப்பைப் புற்றுநோயாளரையும் பிற நோயாளரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த றிச்சாட் டொல், பிராட்போட் ஹில் ஆகியோர், புகைத்தல் அந்நோய்க்கு ஒரு முக்கிய காரணி என 1950இல் எழுதினர். 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, விடையளித்த ஏறத்தாழ 40,000 பேரைத் தொடர்ந்து அவதானித்தனர். 1954இல் வெளியான முதற் பெறுபேறுகள் முன்னைய முடிபை வலுப்படுத்தின. அவ்வாண்டிலேயே சுகாதார அமைச்சர் இயன் மக்லியொட், பத்திரிகையாளர் முன்னிலையிற் சிகரெற் புகைத்தவாறே இத்தொடர்பை ஏற்றுக்கொண்டார். புகையிலை வரி திறைசேரியின் பெருவருவாய்களுள் ஒன்றாயிருந்தமையால் அரசு தயங்கியது.

இத்தயக்கத்தை அசைத்தது 1962இல் அரச வைத்தியர் கல்லூரி வெளியிட்ட அறிக்கையாகும். பொதுமக்களும் விளங்கிக்கொள்ளத்தக்க நடையில் எழுதப்பட்ட அது, விளம்பரக் கட்டுப்பாடு, வரி உயர்வு முதலியவற்றை வேண்டி நின்றது. 1965இல் தொலைக்காட்சியிற் சிகரெற் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. 1971இற் பெட்டிகளில் எச்சரிக்கை இடம்பெற்றது. இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களிற் புகைத்தல் 2007இலேயே சட்டத்தால் விலக்கப்பட்டது.

தம் தொழிற்றோழரின் இறப்புக் கணக்கைக் கண்ட வைத்தியர்கள் ஏனையோரிலும் விரைந்து புகைத்தலைக் கைவிட்டனர். செய்தி பிந்திச் சேர்ந்தோர் பிந்தியே கைவிட்டனர். அத்தாமதத்தின் விலை உயிர்களாகும். ஆய்வேட்டோடு அறிஞர் கடன் முடிவதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.